திரும்பி வந்த வீட்டில் பிரிட்ஜ்: பாதுகாப்பாகவும் சிக்கனமாகவும் பாவிப்பது எப்படி?

முகாமிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ திரும்பி வந்து வீட்டைத் திறக்கும்போது உங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும். சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறதா, கூரைத் தகரம் சரியாக இருக்கிறதா, பீலியில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டி, அதாவது பிரிட்ஜ், கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் வந்த முதல் நாளே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொண்டு வரக்கூடிய பொருள் அதற்குள் இருக்கலாம். ஈரமான பிளக்கில் மின்சாரமும் தாக்கலாம். தீபாவளி முற்பணத்தைப் போட்டு, மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய பெட்டி என்றால், அவசரப்பட்டு இயக்கி அதைப் பழுதாக்கிவிடவும் கூடாது.

இந்தப் பாடத்தில் முக்கியமாக ஒன்றை மனதில் வையுங்கள். குளிர், கிருமிகளைக் கொல்வதில்லை. அவை பெருகும் வேகத்தைத்தான் குறைக்கிறது. பிரிட்ஜ் நமக்குக் கொடுப்பது நேரம் மட்டுமே. கரண்ட் நின்றால் அந்த நேரம் கரையத் தொடங்கும். கெட்டுப்போன உணவைத் திரும்பவும் குளிரவைத்தால் அது குளிர்ந்த கெட்ட உணவாகத்தான் இருக்கும்.

பிரிட்ஜை எடுப்பதற்காக மலைக்குப் போகாதீர்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. உயிர் தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கியிருந்தன. புதிய வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016ஆம் ஆண்டாகிவிட்டது. வீட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வர ஒரு இரவும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை நடைமுறையில் இருக்கும்போது பிரிட்ஜை எடுக்கவோ, அதிலுள்ள இறைச்சியை எடுக்கவோ வீட்டுக்குப் போக வேண்டாம். போகலாம் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய பிறகு மட்டும், பகல் நேரத்தில், இருவராகப் போங்கள். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

படி 1: பிளக்கைத் தொடுவதற்கு முன்

வீட்டுக்குள் தண்ணீரோ சேறோ வந்ததா என்று முதலில் பாருங்கள். சுவரில் படிந்த சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்பதைக் காட்டும்.

தண்ணீர் பிரிட்ஜின் அடிப்பாகத்தைத் தொட்டிருந்தால் அதைப் பிளக்கில் மாட்டவே வேண்டாம். கீழே பின்பக்கம் இருக்கும் கம்பிரசரும் வயர் இணைப்புகளும் நனைந்திருக்கலாம். வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். எலக்ட்ரிசியன் ஒருவர் பரிசோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். தண்ணீர் பெட்டியின் உள்ளேயே ஏறியிருந்தால், சுவர்களுக்கு நடுவே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியும் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். அதைக் கழுவ முடியாது. அந்தப் பெட்டியில் இனி உணவு வைக்க வேண்டாம்.

வீசுவதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். சேத விபரம் கேட்கப்படும்போது கிராம உத்தியோகத்தரிடம் காட்ட உதவும்.

தண்ணீர் வராத வீடாக இருந்தாலும் பின்வருவனவற்றைப் பாருங்கள்:

- பின்பக்க வயரை எலி கடித்திருக்கிறதா?
- பிளக் உருகியோ கறுத்தோ இருக்கிறதா?
- ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழுகிறதா? விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. பிரிட்ஜை மாட்டுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.
- சுவரிலோ தரையிலோ ஈரம் கசிகிறதா?

பிரிட்ஜுக்கு மூன்று முள் பிளக்கும், எர்த் இணைப்புள்ள தனிப் பிளக் பொயின்ட்டும் தேவை. பழைய லயங்களில் பொயின்ட்டுக்குள் போகவில்லை என்று எர்த் முள்ளை வெட்டிவிடும் பழக்கம் உண்டு. அந்த முள் இல்லாவிட்டால், வயரில் கோளாறு வரும் நாளில் பெட்டியின் இரும்புக் கதவிலேயே கரண்ட் பாயும். ஈரக் கையும் வெறுங்காலுமாகக் கதவைத் திறப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். டீவியையும் ரைஸ் குக்கரையும் பிரிட்ஜையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவும் வேண்டாம்.

படி 2: உள்ளே இருந்த உணவு

கரண்ட் நின்ற பிறகு கதவைத் திறக்காமல் வைத்திருந்தால், கீழ்ப் பகுதி ஏறக்குறைய 4 மணித்தியாலம் குளிராக இருக்கும். நிறைந்திருக்கும் பெரிய டீப் பிரீசர் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். வீட்டுப் பிரிட்ஜின் மேலே உள்ள சிறிய ஐஸ் அறை அதைவிடக் குறைந்த நேரமே தாங்கும். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் இந்தக் கணக்கு இன்னும் குறையும்.

நாட்கணக்கில் வெளியே இருந்தவர்கள் இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், சமைத்த கறி, துருவிய தேங்காய் எல்லாவற்றையும் அகற்றுங்கள். வாசனை பார்க்கவோ ருசி பார்க்கவோ வேண்டாம். வயிற்றோட்டத்தைத் தரும் கிருமிகள் பல, உணவின் மணத்தையோ நிறத்தையோ மாற்றுவதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் இல்லாத நாட்களில் கரண்ட் போய் மீண்டும் வந்திருக்கலாம். கோழி இறைச்சி உருகி, ஒரு நாள் கிடந்து, மறுபடி கல்லாக உறைந்திருக்கும். கதவைத் திறக்கும் உங்களுக்கு அது நல்ல இறைச்சியாகத்தான் தெரியும். இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். பொதியின் அடியில் இரத்தத் தண்ணீர் வழிந்து உறைந்திருந்தாலோ, ஐஸ் கட்டித் தட்டிலுள்ள கட்டிகள் உருக்குலைந்து ஒரே பாளமாகியிருந்தாலோ, அந்த அறை ஒரு முறை உருகியிருக்கிறது.

"நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். கொதி கிருமியைக் கொல்லும், அது உண்மை. ஆனால் சில கிருமிகள் உணவில் விட்டுச் செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. காசு கொடுத்து வாங்கிய இறைச்சியை வீசுவது எளிதல்ல. ஆயினும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் செலவும், அந்த நாட்களில் இழக்கும் சம்பளமும் அதைவிட அதிகம்.

உப்பு, மாசி, நன்கு காய்ந்த கருவாடு, திறக்காத டின் மீன், பிரிக்காத பால்மா ஆகியவை குளிரை நம்பி இருப்பவை அல்ல. ஈரமோ சேறோ படாமல், பொதி சேதமடையாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

அகற்றியவற்றைப் பீலிக்கும் ஓடைக்கும் எட்டத்தில், நாயும் காட்டுப்பன்றியும் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.

படி 3: கழுவுதல்

பிளக் கழற்றியே இருக்க வேண்டும். தட்டுகளையும் பெட்டிகளையும் வெளியே எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். உட்புறத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்த பின், ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து மீண்டும் துடையுங்கள். நாற்றம் குறையும். கதவைச் சுற்றியுள்ள றப்பரின் மடிப்புகளில் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்து எடுங்கள். பின்பு கதவைத் திறந்தபடியே ஒரு நாள் காயவிடுங்கள். அந்த நேரத்தில் சிறு பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம்.

மேல் அறையில் படிந்த ஐஸைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்த வேண்டாம். அந்தச் சுவருக்குள் வாயுக் குழாய் ஓடுகிறது. இப்போது வரும் பல பெட்டிகளில் இருப்பது ஆர் 600ஏ என்ற எரியக்கூடிய வாயு. பின்பக்க லேபிளில் இதைக் காணலாம். குழாய் ஓட்டையானால் பெட்டியும் போய்விடும், அடுப்பெரியும் வீட்டில் தீ ஆபத்தும் உண்டு. ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கதவை மூடுங்கள். ஐஸ் தானாகக் கழன்றுவிடும்.

படி 4: மீண்டும் இயக்குதல்

லொறியிலோ ட்ரக்டரிலோ கொண்டு வந்த பெட்டியை உடனே இயக்கக் கூடாது. சாய்த்துக் கொண்டு வரும்போது கம்பிரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்தி வைத்து நாலைந்து மணித்தியாலம் விடுங்கள். படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால் ஒரு நாள் விடுவது நல்லது.

இயக்கியதும் உணவை அடுக்காதீர்கள். வெறுமையாக ஒரு இரவு ஓடவிட்டு, உள்ளே நன்றாகக் குளிர்ந்த பின் வையுங்கள்.

கரண்ட் போய் வந்தால் உடனே இயக்காமல் 5 நிமிடம் பொறுங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமனாகும் முன் கம்பிரசர் தொடங்க முயன்றால் சூடேறிப் பழுதாகும். கரண்ட் அடிக்கடி கூடிக் குறையும் இடங்களில், இப்படித் தாமதித்து இயக்கும் பிரிட்ஜ் கார்ட் ஒன்று வாங்கிப் பொருத்தலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்து இடிமின்னல் நம் மலைகளில் வழக்கம். இடி கேட்கத் தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டு மணித்தியாலம் கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே எதுவும் கெடாது.

எங்கே வைப்பது? எவ்வளவு குளிர் வேண்டும்?

விறகடுப்புக்கும் வெயில் விழும் யன்னலுக்கும் எட்டத்தில் வையுங்கள். சுவரிலிருந்து பின்பக்கம் 4 அங்குலமாவது இடைவெளி விடுங்கள். அங்கிருந்துதான் சூடு வெளியேறுகிறது. அங்கே அடுப்புக்கரியும் தூசியும் படிந்தால் கம்பிரசர் அதிக நேரம் ஓட வேண்டியிருக்கும். மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றி உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். தரை சமமில்லாவிட்டால் முன் கால்களைத் திருகி, கதவு தானாக மூடும்படி சரிசெய்யுங்கள்.

கீழ்ப் பகுதியில் 5 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவாகவும், ஐஸ் அறையில் கழித்தல் 18 பாகையும் இருக்க வேண்டும். இதைப் பார்க்கப் பிரிட்ஜ் தேர்மோமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீட்டர் இதற்கு உதவாது. நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் அதைப் போட்டு, ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

கொஸ்லந்தவைவிட உயரத்தில் இருக்கும் பூனாகலை, ஹப்புத்தளைப் பக்கத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல பெட்டிகள் வீட்டின் வெப்பம் 16 பாகைக்குக் குறையாது என்று எண்ணிச் செய்யப்பட்டவை. திறந்த விறாந்தையில் வைத்தால், மார்கழி, தை இரவுகளில் கீழ்ப் பகுதி தானாகவே குளிர்ந்திருக்கும். கம்பிரசர் ஓடத் தேவையில்லை என்று நின்றுவிடும். அப்போது மேலே உள்ள இறைச்சி மெல்ல உருகும். வெளியே குளிராக இருக்கிறது என்று நம்பாமல், பெட்டியை வீட்டுக்குள்ளே வையுங்கள்.

எதை எந்தத் தட்டில் வைப்பது?

- மேல் தட்டு: சமைத்த உணவு, மூடி போட்டு.
- நடுத்தட்டு: பால், தயிர், முட்டை.
- அடித்தட்டு: பச்சை இறைச்சியும் மீனும், மூடிய பாத்திரத்தில். அவற்றின் தண்ணீர் கீழே உள்ள உணவில் சொட்டக் கூடாது.
- கீழ்ப் பெட்டி: கரட், லீக்ஸ், போஞ்சி, கீரை.
- கதவு: சோஸ், ஊறுகாய், தண்ணீர்ப் போத்தல். கதவுதான் குறைந்த குளிருள்ள இடம்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், திரிபோஷா ஆகியவற்றுக்குப் பிரிட்ஜ் தேவையில்லை. உலர்ந்த, காற்றோட்டமான இடம் போதும்.

சோற்றில் தனிக் கவனம் வேண்டும். காலையில் வடித்த சோற்றைக் கொழுந்தெடுக்கப் போய் வரும்வரை அடுப்படியில் விட்டுப் பின்னேரம் பிரிட்ஜில் வைப்பதால் பயனில்லை. வெப்பம் தாங்கும் ஒரு கிருமி சோற்றில் அதற்குள் நஞ்சை உண்டாக்கியிருக்கும். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, சமைத்து 2 மணித்தியாலத்துக்குள் உள்ளே வையுங்கள். அடுத்த நாளுக்குள் நன்கு சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். தேங்காய்ச் சம்பலையும் தேங்காய்ப்பால் கறியையும் அப்படியே கவனியுங்கள்.

உறைந்த இறைச்சியை வெளியே மேசையில் வைத்து உருக்காமல், முதல் நாள் இரவே அடித்தட்டுக்கு மாற்றி வையுங்கள். வாங்கி வந்ததும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்துப் பொதி செய்தால் தேவையானதை மட்டும் எடுக்கலாம்.

மருந்தும் தாய்ப்பாலும்

இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். அது உறைந்தால் பயனற்றது. ஆகவே ஐஸ் அறைக்குப் பக்கத்திலோ பின்சுவரை ஒட்டியோ வைக்காமல், ஒரு டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். உறைந்ததையோ, பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததையோ போடாதீர்கள். மருந்தை நிறுத்தவும் வேண்டாம். தோட்ட வைத்தியசாலையிலோ கிளினிக்கிலோ காட்டிப் புதிதாகக் கேளுங்கள்.

வேலைக்குத் திரும்பும் தாய்மார் பிழிந்த பாலைச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜின் உட்பக்கத்தில் 4 நாள் வரை வைக்கலாம். வெளியே என்றால் 4 மணித்தியாலம் மட்டுமே. சந்தேகங்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

லைட் பில்லைக் குறைக்க

சாதாரண வீட்டுப் பிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 அலகு எடுக்கும். பழையதும் றப்பர் தளர்ந்ததும் அதைவிட அதிகம் எடுக்கும். மாதம் 30 அலகு என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வீட்டுக் கட்டண முறையில் மாதம் 60 அலகைத் தாண்டினால் அடுத்த கட்டண வரிசைக்குப் போய்விடுவோம், முதல் அலகிலிருந்தே கணக்கு மாறும். எனவே பிரிட்ஜில் மிச்சப்படுத்தும் நாலைந்து அலகு உங்கள் பில்லையே மாற்றக்கூடும்.

- கதவு றப்பரைச் சோதியுங்கள். ஒரு கடதாசியை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் குளிர் வெளியே போகிறது. கழுவியும் சரிவராவிட்டால் றப்பரை மட்டும் மாற்றலாம்.
- ஐஸ் கால் அங்குலத் தடிப்புக்கு வந்ததும் உருக்கிவிடுங்கள்.
- சுடச்சுட வைக்காமல், ஆவி போன பின் வையுங்கள்.
- எடுக்கப் போவதை யோசித்துக்கொண்டு கதவைத் திறங்கள்.
- இரவில் பிரிட்ஜை நிறுத்திக் காலையில் போடுவது சிக்கனம் அல்ல. உணவு சூடேறும். இழந்த குளிரைப் பிடிக்கக் காலையில் கம்பிரசர் நீண்ட நேரம் ஓடும்.

உங்கள் பெட்டி எவ்வளவு எடுக்கிறது என்று அறிய, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் படுக்கும்போது மீட்டரைக் குறித்து, விடிந்ததும் மீண்டும் பாருங்கள். லயத்துக்கு ஒரே மீட்டர் என்றால், பக்கத்து வீட்டாரோடு பில்லைப் பிரிக்கும்போதும் இந்தக் கணக்கு உதவும்.

அடுத்த முறை எச்சரிக்கை வந்தால்

மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். பிரிட்ஜ் வேலை எல்லாம் மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் முடிந்துவிட வேண்டும். சிவப்பு வந்தபின் அதைத் தொடவே வேண்டாம்.

மஞ்சள் வந்ததும் இறைச்சியையும் மீனையும் சமைத்து முடியுங்கள், புதிதாக வாங்காதீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீரை ஐஸ் அறையில் உறையவைத்து, அதன் மேல் ஒரு 10 ரூபாய் குற்றியை வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது குற்றி மேலேயே இருந்தால் அறை உருகவில்லை. அது அடிக்குப் போயிருந்தால், ஐஸ் எவ்வளவு கல்லாக இருந்தாலும் உள்ளே உள்ளதை வீசுங்கள்.

செம்மஞ்சள் வந்ததும், போனால் பல நாளாகும் என்று தெரிந்தால், உள்ளே உள்ளதை எடுத்து, பிளக்கைக் கழற்றி, துடைத்து, கதவு முழுதாக மூடாதபடி ஒரு மடித்த துணியை இடையில் வைத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காது, பிள்ளைகள் உள்ளே நுழையவும் முடியாது. இனிப் பாவிக்க முடியாத பெட்டியை லயத்துக்குப் பின்னால் போடும்போது கதவைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். ஒளித்து விளையாடும் பிள்ளை உள்ளே அகப்பட்டால் மூச்சுவிடக் காற்றிருக்காது.

வீட்டாரோடு பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டுப் பிளக்கில் மூன்று முள்ளும் இருக்கிறதா? ட்ரிப் சுவிட்சைக் கடைசியாக எப்போது சோதித்தோம்?
2. நேற்று இரவு கரண்ட் 6 மணித்தியாலம் இல்லாமல் இருந்திருந்தால், இப்போது பிரிட்ஜில் இருப்பவற்றில் எதையெல்லாம் வீச வேண்டும்?
3. எச்சரிக்கை வந்தால் இன்சுலினையும் குழந்தையின் பாலையும் எடுப்பது யாருடைய பொறுப்பு?

வயிற்றோட்டமோ வாந்தியோ தொடங்கினால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். இரத்தம் போனாலும், பிள்ளை சோர்ந்து கண் குழிவிழுந்தாலும் தாமதிக்காமல் 1990 அம்பியுலன்ஸ் சேவையை அழையுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் கிட்டப் போகாமல் 1987க்கு அறிவியுங்கள்.